பாட்ஸ்குவாரோவில் நான்கு நாள்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்

மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்தில் உள்ள பாட்ஸ்குவாரோ என்னும் ஏரிக்கரை ஊருக்கு நான்கு நாள் பயணம் திட்டமிட்டிருக்கும் ஒரு குடும்பத்தினர், படகில் ஏறித் தீவைப் பார்த்துவிட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது, நான்கு நாள் அதிகமில்லையா, சைவ உணவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். ஏரியை மட்டும் நம்பிப் போனால் ஒரு நாளே அதிகம்; ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டால் நான்கு நாள் போதாது என்பதுதான் என் சுருக்கமான பதில்.

முதலில் ஏரியைப் பற்றிய எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது நல்லது. இது குளிப்பதற்கோ நீந்துவதற்கோ ஏற்ற நீர்நிலை அல்ல. கடலுக்குப் போகும் வழியில்லாத மூடிய வடிநிலத்தில் இருப்பதால், மலைச்சரிவுகளில் காடு அழிந்து அரித்து வரும் மண்ணும் கரையோர ஊர்களின் கழிவுநீரும் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. ஏரியின் பரப்பு பல பத்தாண்டுகளாகவே சுருங்கி வருகிறது. 2024ஆம் ஆண்டு வறட்சியில் நீர்மட்டம் மிக மோசமாக இறங்கியபோது, அவகாடோ தோட்டங்களுக்காக டேங்கர் லாரிகளில் ஏரித் தண்ணீர் திருடப்படுவது நாடு முழுவதும் பேசப்படும் செய்தியாயிற்று. ஆகவே கரையில் நாற்காலி போட்டு நீலத் தண்ணீரைப் பார்த்திருக்கும் விடுமுறையை விரும்புவோர் வேறு ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். பாட்ஸ்குவாரோவுக்குப் போக வேண்டிய காரணம் கரையிலும் மலையடிவாரத்திலும் இருக்கும் ஊர்கள்தான். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கைத்தொழில் உண்டு. ஓர் ஊர் செம்பை அடிக்கிறது, ஓர் ஊர் கோரை முடைகிறது, ஓர் ஊர் முகமூடி செதுக்குகிறது, அடுத்த ஊர் மண்பாண்டம் வனைகிறது.

இந்தத் தொழிற்பிரிவினைக்கு ஊர்மக்கள் சொல்லும் விளக்கம் பெரும்பாலும் ஒரே மனிதரின் பெயரில் வந்து நிற்கும்: வாஸ்கோ தே கிரோகா. இந்த ஏரி, புரேபெச்சா என்னும் பூர்வகுடி மக்களின் அரசுக்கு இதயப்பகுதியாக இருந்தது. ஆஸ்தெக்குகளால் வெல்ல முடியாத அந்த அரசின் கடைசி மன்னர் இரண்டாம் தங்காஷுவானை, ஸ்பானியத் தளபதி நூன்யோ தே குஸ்மான் 1530இல் சித்திரவதை செய்து கொன்றார். அதனால் மக்கள் மலைகளுக்குள் சிதறியிருந்த காலத்தில் ஸ்பானிய அரசின் நீதிபதியாக வந்தவர் கிரோகா. பிறகு அவரே மிச்சோவகானின் முதல் ஆயரானார். ஆங்கிலச் சிந்தனையாளர் தாமஸ் மோரின் ‘உட்டோப்பியா’ நூலைப் படித்து, அதில் கண்ட பொதுவுடைமைக் குடியிருப்பை நிலத்தில் நட்டுப் பார்க்க முயன்றவர் அவர். மருத்துவமனையும் பொது நிலமும் தொழிற்பயிற்சியும் கொண்ட குடியிருப்புகளை நிறுவினார். ஏரியின் வடகரையில் உள்ள சாந்தா ஃபே தே லா லகுனா அவற்றுள் ஒன்று. ஊருக்கு ஒரு தொழில் என்று பிரித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பது பொதுவான நம்பிக்கை. இதில் எனக்கு ஒரு சிறு தடை உண்டு. செம்பு உருக்குவதும் அரக்குப் பூச்சுக் கலையும் ஸ்பானியர் வருவதற்கு முன்பே புரேபெச்சாக்கள் கைதேர்ந்திருந்த தொழில்கள். கிரோகா அவற்றை ஒழுங்குபடுத்தினார், புதிய கருவிகளைக் கொண்டுவந்தார் என்று சொல்வதே நியாயம். இருந்தாலும் இன்றுவரை அங்கே அவரை ‘தாத்தா வாஸ்கோ’ என்று அழைக்கிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்குத் தந்தை என்று பொருள்.

முதல் நாளை ஊருக்குள் நடப்பதற்கே ஒதுக்குங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,140 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மூச்சு சற்று வாங்கும்; அதற்கும் மெல்ல நடப்பதே மருந்து. வெள்ளைச் சுவர், அதன் அடிப்பகுதியில் செங்காவிப் பட்டை, ஓட்டுக் கூரை, கடைப் பெயர்களில் முதலெழுத்து சிவப்பிலும் மற்றவை கறுப்பிலும் எழுதப்பட்டிருக்கும் ஒரே மாதிரியான பலகைகள் என்று ஊர் முழுவதும் ஒரே சீராக இருக்கும். பெரிய சதுக்கமான வாஸ்கோ தே கிரோகா சதுக்கத்தில் ஒரு விசித்திரம் உண்டு: மெக்சிகோவில் பெரும்பாலான ஊர்களின் நடுச்சதுக்கத்தில் தேவாலயம் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும், இங்கே நான்கு பக்கமும் பழைய மாளிகைகளும் வளைவுத் தாழ்வாரங்களும்தான், தேவாலயம் இல்லை. அது மேட்டின் மேல் தனியே நிற்கிறது. ஐந்து நீண்ட மண்டபங்கள் கைவிரல்கள்போல ஒரு மையத்தில் வந்து சேரும்படி கிரோகா திட்டமிட்ட பேராலயம் அது; கட்டி முடிந்தது ஒரே ஒரு மண்டபம். அவர் 1565இல் இறந்தார். மறைமாவட்டத் தலைமை 1580இல் மாநிலத்தின் இன்றைய தலைநகரான மொரேலியாவுக்கு மாற்றப்பட்டது. தலைநகர் வாய்ப்பை இழந்ததால்தான் பாட்ஸ்குவாரோ பெருநகரமாகாமல் பழைய உருவத்தோடு பிழைத்தது என்று எண்ணுகிறேன். இன்று பசிலிக்கா என்று அழைக்கப்படும் அந்த ஆலயத்தில் உள்ள ஆரோக்கிய அன்னையின் சிலை, மக்காச்சோளத் தட்டையின் உட்சோற்றை அரைத்துப் பசைசேர்த்துச் செய்யப்பட்டது. புரேபெச்சாக்கள் எடையற்ற தெய்வ உருவங்களைச் செய்யப் பயன்படுத்திய அதே நுட்பம் கிறித்தவச் சிலைக்குக் கைமாறியதை இங்கே நேரில் பார்க்கலாம்.

பசிலிக்காவை ஒட்டிய மடத்தில் வாழும் டொமினிக்கன் கன்னியர்கள், ஏரியில் மட்டுமே வாழும் அச்சோக்கே என்னும் நீர்ப்பல்லியைப் பல பத்தாண்டுகளாக மடத்துக்குள்ளேயே தொட்டிகளில் வளர்த்து வருகிறார்கள். இருமலுக்கான பாகு மருந்து செய்வதற்காகத் தொடங்கிய வளர்ப்பு அது. ஏரியில் அந்த இனம் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டதால், இன்று அந்த மடத்துத் தொட்டிகள் இனத்தைக் காப்பாற்றும் முக்கியக் களஞ்சியங்களில் ஒன்றாகிவிட்டன. ஐரோப்பிய உயிரியல் பூங்காக்களின் ஆய்வாளர்கள் கன்னியர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள். வளர்ப்பறைக்குள் பார்வையாளர்களை விடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பேராலயத்துக்குச் சற்றுக் கீழே, கிரோகா 1540இல் தொடங்கிய சான் நிக்கோலாஸ் கல்லூரிக் கட்டடம் இப்போது நாட்டார் கலை அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறியது, ஆனால் கைத்தொழில் ஊர்களுக்குப் போவதற்கு முன்பு இதைப் பார்ப்பது அவசியம். எது நல்ல வேலைப்பாடு என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு கடையில் ஏமாற மாட்டீர்கள். இங்குள்ள அரக்குத் தட்டுகளை ஊன்றிப் பாருங்கள். ஒரு வகைப் பூச்சியிலிருந்து எடுக்கும் கொழுப்பு, சியா விதை எண்ணெய், நுண்ணிய மண்பொடி ஆகியவற்றைக் கலந்து, உள்ளங்கையால் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் பூச்சு அது. பாட்ஸ்குவாரோ பாணியில் அதன்மேல் தங்க இழைகளால் பூவும் கொடியும் வரைவார்கள். பதினோரு முற்றங்களின் வீடு என்று அழைக்கப்படும் பழைய கன்னியர் மடத்தில் உள்ள பட்டறைகளில் இந்த வேலை நடப்பதைக் காணலாம். எண்ணெய்ச் சாயம் பூசிய மலிவான தட்டுக்கும் இதற்கும் விலை ஏன் அத்தனை வேறுபடுகிறது என்பது அங்கே அரைமணி நேரம் நின்றாலே விளங்கும்.

சின்னச் சதுக்கத்துக்கு, விடுதலைப் போராட்டத்தில் 1817இல் இதே ஊரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஹெர்த்ரூதிஸ் பொகானேக்ராவின் பெயர். அதன் ஓரத்தில் உள்ள பொது நூலகம் ஒரு காலத்தில் அகுஸ்தீனியத் துறவிகளின் தேவாலயமாக இருந்தது. பலிபீடம் இருந்திருக்க வேண்டிய பின்சுவர் முழுவதையும் நிறைத்து, 1940களின் தொடக்கத்தில் ஹுவான் ஓ’கோர்மன் மிச்சோவகானின் வரலாற்றை வரைந்திருக்கிறார். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக நூலகத்தின் கல்பதிப்புச் சுவர்களை உருவாக்கியவரும் அவரே. ஓவியத்தை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும்: உச்சியில் புரேபெச்சாக்களின் தோற்றத் தொன்மம், நடுவில் படையெடுப்பின் கொடூரம், அடியில் விடுதலைப் போரும் புரட்சியும். வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கும் இடம் என்பதால் குரல் தாழ்த்திப் பேசுங்கள். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால், பசிலிக்காவை விட்டுவிட்டு நூலகத்துக்குள் போகச் சொல்வேன்.

இனி எல்லோரும் கேட்கும் ஹனீட்சியோ தீவு. ஊர் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள படகுத்துறையிலிருந்து பொதுப்படகு புறப்படும். அரைமணிக்குள் தீவை அடையலாம். உச்சியில் விடுதலைப் போர்த் தலைவர் ஹோசே மரியா மொரேலோஸின் 40 மீட்டர் உயரக் கற்சிலை நிற்கிறது. மெக்சிகோவின் குடியரசுத் தலைவராக இருந்த லாசரோ கார்தெனாஸின் முயற்சியால் 1930களில் எழுந்த சிலை அது. உள்ளே சுற்றுப்படி ஏறி உயர்த்திய கை வரைக்கும் போகலாம், வழி நெடுகிலும் சுவரோவியம். படிக்கட்டின் இருபுறமும் கடைகள் நெருக்கியடித்து நிற்கும். பட்டாம்பூச்சி இறகு வடிவ வலையோடு மீனவர்கள் படகில் வந்து காட்சி தருவார்கள். அது இப்போது மீன்பிடிப்பு அல்ல, சுற்றுலாவுக்கான நிகழ்ச்சி, முடிவில் பணம் கேட்பார்கள், கொடுப்பதில் தவறில்லை. ஒரு காலத்தில் மெக்சிகோவின் 50 பேசோ நோட்டில் அந்த வலைகள் இருந்தன. இன்றைய 50 பேசோ நோட்டில் இருப்பது அச்சோக்கேயின் நெருங்கிய உறவினமான ஆக்சலோத்தல். தீவுக்கு அரைநாள் போதும். கூட்டமில்லாத தீவைப் பார்க்க விரும்பினால் யுனுவேனுக்குப் போகலாம். அங்கே பார்ப்பதற்கென்று தனியாக எதுவும் இல்லை என்பதுதான் அதன் சிறப்பு.

இரண்டாம் நாளை வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் உள்ள சின்சுன்சானுக்குக் கொடுங்கள். புரேபெச்சா அரசின் தலைநகரம் இதுதான். மலைச்சரிவை வெட்டி நிரவிய மாபெரும் மேடையின்மேல், யாக்காத்தா எனப்படும் ஐந்து கல்மேடைகள் வரிசையாக நிற்கின்றன. செவ்வகமும் வட்டமும் இணைந்த அவற்றின் வடிவம் மெக்சிகோவின் மற்றப் பிரமிடுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் புதிதாக இருக்கும். மேடையின் விளிம்பில் நின்றால் ஏரி முழுதும் கீழே விரியும். அரசர்கள் இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு கீழே இறங்கி பிரான்சிஸ்கன் மடத்துக்கு வாருங்கள். யாக்காத்தாக்களைப் போர்த்தியிருந்த செதுக்குக் கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்துதான் மடத்தைக் கட்டினார்கள்; சுருள் கோடுகளும் உருவங்களும் செதுக்கிய கற்கள் தேவாலயச் சுவர்களில் அங்கங்கே தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பதிந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கும் பிடிக்கும். முற்றத்தில் முறுக்கேறிய பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. கிரோகா நட்டவை என்பது ஊர்வழக்கு. வாசலில் கோரையாலும் கோதுமை வைக்கோலாலும் முடைந்த பொருள்கள் விற்கும் சந்தை இருக்கிறது. எடை குறைவு, உடையாது, விலையும் அதிகமில்லை. விமானத்தில் கொண்டுவர ஏற்றவை.

மண்பாண்டம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதியின் குறைந்த சூட்டில் சுட்ட பாண்டங்களுக்குப் பளபளப்பு தருவது வழிவழியாக ஈயம் கலந்த மெருகே. அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், புளிப்பான உணவைச் சமைக்கவோ ஊற்றிவைக்கவோ கூடாது. ஈயமற்ற மெருகுக்கு மாறிய குயவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் பாண்டங்களை ‘சின் ப்ளோமோ’ என்று குறிப்பிட்டு விற்பார்கள். உணவு பரிமாறும் கிண்ணம் வேண்டுமென்றால் அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பயணத்தின் மிகச் சிறந்த நாள் ஏரியை விட்டு விலகிப் போகும் மூன்றாம் நாளாகத்தான் இருக்கும். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில், மலைமேல் உள்ள சாந்தா கிளாரா தெல் கோப்ரே என்னும் ஊரில் வீட்டுக்கு வீடு செம்புப் பட்டறை. தெருவில் நடக்கும்போதே சம்மட்டி ஓசை கேட்கும். திறந்திருக்கும் கதவில் நின்று வணக்கம் சொன்னால் பெரும்பாலும் உள்ளே அழைப்பார்கள். பழைய மின்கம்பி, உடைசல் செம்பு ஆகியவற்றை உலையில் உருக்கித் தடித்த வட்டக் கட்டியாக வார்க்கிறார்கள். அதைச் செந்தணலாகக் காய்ச்சி எடுத்து, நான்கைந்து பேர் சுற்றி நின்று, ஒருவர் சம்மட்டி எழும்போது அடுத்தவர் சம்மட்டி விழும் கணக்கில் மாறி மாறி அடித்து மெல்லிதாக்குவார்கள். ஒருவர் நடுவில் இடுக்கியால் கட்டியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். அடிக்க அடிக்கச் செம்பு இறுகிவிடும். மீண்டும் உலையில் வைத்து இளக்க வேண்டும். ஒட்டோ பற்றவைப்போ இல்லாமல் ஒரே கட்டியிலிருந்து கழுத்து நீண்ட ஜாடியை எழுப்புவதுதான் இங்குள்ள உயர்ந்த திறன். எனவே வாங்கும்போது கைப்பிடியும் கழுத்தும் உடலோடு ஒன்றாக எழுந்தவையா, பற்றவைத்தவையா என்று பாருங்கள். சுவரின் தடிமனையும் பாருங்கள். தடித்த செம்பை அடித்து எடுக்க உழைப்பு அதிகம், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஊரில் உள்ள செம்பு அருங்காட்சியகத்தில் பழைய போட்டிகளில் பரிசு பெற்ற வேலைப்பாடுகள் இருக்கின்றன. ஆகஸ்டில் செம்புத் திருவிழா நடக்கும்போது புதிய போட்டிப் படைப்புகளையும் காணலாம்.

நான்காம் நாள் ஏரியின் மேற்குக் கரையை வாடகைக் காரிலோ டாக்ஸியிலோ சுற்றலாம். தோகுவாரோவில் முகமூடி செதுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கொம்பு வைத்த பிசாசு முகமூடிகளும், ‘கிழவர் ஆட்டம்’ எனப்படும் நடனத்துக்கான சிரித்த முகமூடிகளும் அங்கே உருவாகின்றன. கூன் விழுந்த கிழவர்போலத் தள்ளாடி வந்து, மறுநொடி மரக்கட்டைச் செருப்பால் தரை அதிர ஆடும் அந்த நடனத்தைப் பெரிய சதுக்கத்திலும் அடிக்கடி ஆடுவார்கள். பக்கத்தில் உள்ள ஹராகுவாரோ ஒரு காலத்தில் தீவு. இப்போது சாலைவழியாகவே போகலாம். அங்கே பனையோலைத் தொப்பி தைக்கிறார்கள். மாலையில் ஊருக்குத் திரும்பும்போது எஸ்திரிபோ கிராந்தே என்னும் அவிந்த எரிமலையின் காட்சிமேடைக்குப் போங்கள். அங்கிருந்து உச்சிக்கு ஏற நானூறுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. காட்சிமேடையிலிருந்தே ஏரியும் தீவுகளும் நன்றாகத் தெரியும் என்பதால் ஏற வேண்டிய கட்டாயமில்லை.

உணவுக்கு வருவோம். பாரம்பரிய மெக்சிகோ சமையலை யுனெஸ்கோ 2010இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது மிச்சோவகான் சமையல்தான். சோளமாவைச் சோளத்தின் நீண்ட இலையில் பல முனைகள் வருமாறு மடித்து அவித்த கொருந்தா, இளஞ்சோளத்தை அரைத்து அவித்த சற்றே இனிப்பான உச்சேபோ, பீன்ஸும் தக்காளியும் உலர்ந்த மிளகாயும் சேர்த்த சோப்பா தராஸ்கா ஆகிய மூன்றையும் தவறவிடாதீர்கள். சைவர்கள் கவனிக்க வேண்டியது, கொருந்தா மாவில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு இருக்கும், வேகவைத்த பீன்ஸிலும் இருக்கலாம். சூப்பின் அடிப்படை கோழிச்சாறாக இருக்கக்கூடும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடலாம்; ஆகவே கோழி, கோழிச்சாறு, மன்தேக்கா எனப்படும் பன்றிக்கொழுப்பு ஆகிய மூன்றையும் பெயர்சொல்லி மறுக்க வேண்டும். உச்சேபோவுக்கு வெண்ணெய் சேர்ப்பவர்களும் உண்டு; கேட்டால் சொல்வார்கள். மழைக்காலத்தில் காளான், பூசணிப்பூ, சோளக்கரும்பூஞ்சை ஆகியவற்றைச் சோள ரொட்டிக்குள் வைத்துச் சுடும் கேசடியா நம்பகமான துணை. இரவில் சின்னச் சதுக்கத்துக் கடைகளில் சோளமாவில் காய்ச்சும் சூடான பானமான அதோலே குடிக்கலாம். பெரிய சதுக்கத்தின் தாழ்வாரத்தில் விற்கும் ‘நியேவே தே பாஸ்தா’ என்ற ஐஸ்கிரீம், பாலை நெடுநேரம் சுண்டக் காய்ச்சிச் செய்வது. கடைக்குக் கடை ருசி மாறும். அசைவம் உண்பவர்கள் கிரோகா என்னும் ஊரில் பெரிய செம்புக் கொப்பரையில் வேகும் பன்றியிறைச்சியான கார்னித்தாஸையும், பொரித்த சிறு மீனான சாராலையும் உண்ணலாம். ஆனால் ‘பெஸ்காதோ பிளாங்கோ’ என்ற வெள்ளை மீனைக் கேட்காதீர்கள். இந்த ஏரியின் புகழ்பெற்ற மீன் அது. அளவுமீறிய மீன்பிடிப்பாலும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கெண்டை, பாஸ் போன்ற மீன்களாலும் அருகிவிட்டது. தட்டில் வருவது உண்மையான வெள்ளை மீன் என்றால் வருத்தம், இல்லையென்றால் ஏமாற்றம்.

நவம்பர் 1 இரவு தொடங்கி 2ஆம் தேதி விடியும்வரை நடக்கும் மரித்தோர் இரவைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. கல்லறைகளைச் செண்டுமல்லியாலும் மெழுகுவர்த்தியாலும் நிறைத்து, இறந்தவர்களுக்குப் பிடித்த உணவோடு குடும்பத்தினர் இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். சின்சுன்சானிலும் ஹனீட்சியோவிலும் உள்ளூர்க்காரர்களைவிட வந்தவர்கள் அதிகமாகிவிடுவதும், சாலைகள் மணிக்கணக்கில் அடைபடுவதும் வழக்கம். விடுதியைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தால் போங்கள். அப்போதும் தேவாலய முற்றத்திலேயே கல்லறை அமைந்த அரோகுத்தின் போன்ற சிறு ஊரைத் தேர்ந்தெடுங்கள். துக்கமும் அன்பும் கலந்த வீட்டுச் சடங்கு அது என்பதால், கல்லறைகளுக்கிடையே மிதிக்காமல் நடந்து, கேட்ட பின்பே, ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்த்து, மழை முடிந்து மலைகள் பச்சையாக இருக்கும் அக்டோபரில் போவது மேல். டிசம்பர், ஜனவரி இரவுகள் உறைபனியை நெருங்கும். பல விடுதிகளில் அறைச் சூடேற்றி கிடையாது, எனவே கணப்பு உள்ள அறையாகக் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். மிச்சோவகானின் சில பகுதிகளில் குற்றக் கும்பல்களின் ஆதிக்கம் கடுமையானது. அமெரிக்க அரசு இந்த மாநிலத்துக்கு மிக உயர்ந்த நிலைப் பயண எச்சரிக்கையை விடுத்து வந்திருக்கிறது. பாட்ஸ்குவாரோவும் ஏரிக்கரையும் உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஏராளமாக வந்துபோகும் பகுதி என்றாலும், புறப்படுவதற்கு முந்தைய வாரத்தின் நிலவரத்தைப் பார்ப்பதும், பயணக் காப்பீடு எச்சரிக்கை உள்ள மாநிலத்துக்குச் செல்லுபடியாகுமா என்று கேட்டுக்கொள்வதும் கட்டாயம். மெக்சிகோ நகரிலிருந்து நேரடிப் பேருந்து ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். மொரேலியா வரை விமானத்தில் வந்தால் அங்கிருந்து ஒரு மணி நேரச் சாலைப் பயணம். இரண்டையும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு கோம்பி எனப்படும் சிறு வேன்கள் ஓடுகின்றன. அவை மலிவு, ஆனால் மாலைக்கு மேல் குறைந்துவிடும். சின்சுன்சானிலோ சாந்தா கிளாராவிலோ இறங்கியவுடனேயே கடைசி வேன் எப்போது என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பட்டறைகளில் பெரும்பாலும் வங்கி அட்டை வாங்க மாட்டார்கள் என்பதால் ரொக்கத்தை ஊரிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.